என் பொம்பா வண்டி தண்ணீர் அடிக்கும்

கொட்டகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இது ஓடுமா அங்கிள்?" ஓடும். பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுன் வரைக்கும் போய் வந்திருக்கிறது. ஆனால் பொம்பா வண்டியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தண்ணீர் அடிக்குமா என்று கேட்க வேண்டும். இந்த ஆறு வருடத்தில் அப்படிக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இன்னொருவர் என் பேத்தி. அப்போது அவளுக்கு நான்கு வயது.

மலேசியாவில் நம் வீடுகளில் யாரும் தீயணைப்பு வண்டி என்று சொல்வதில்லை. பொம்பா வண்டிதான். மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒன்றாகச் சொல்லும் அந்தச் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. அங்கே 'பொம்பா' என்றால் பம்பு. ஆக, இந்த வண்டிக்குப் பெயரே பம்பு. பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, சிவப்புச் சாயத்தில் முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு போட்டு வைத்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் பின்பக்கக் கதவைத் திறந்தால் பம்பு துருவேறி இறுகிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும். என்னைக் கேட்டால் பம்பு செத்த பொம்பா வண்டி ஒரு சிவப்பு லோரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

என் வண்டி பெட்ஃபோர்ட் டிகே. 1968-ல் பதிவானது. 1960-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் சாலைகளை நிரப்பிய அதே டிகே லோரியின் சட்டகம். மரம் ஏற்றியது, மணல் ஏற்றியது, தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனது எல்லாம் அந்த வகை லோரிதான். என்னுடையதற்குப் பின்னால் சாமான் தொட்டிக்குப் பதிலாக 400 கேலன் தண்ணீர்த் தொட்டியும் ஒரு பம்பும் இருக்கின்றன. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை தன் சொந்தத் தீயணைப்புக் குழுவுக்காக வைத்திருந்த வண்டி. மைல் கணக்குக் காட்டும் பழைய மீட்டரில் நான் வாங்கும்போது 11,000 சொச்சம் இருந்தது. ஐம்பது வருடத்தில் 11,000 மைல். தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டே வயதாகிவிட்டது.

நான் 34 வருடம் துறைமுகப் பட்டறையில் கனரக வண்டி மெக்கானிக். 60 வயதில் வேலை முடிந்தது. சேமநிதிப் பணம் கையில் வந்த வாரத்திலேயே, பழைய இரும்பு வாங்கும் ஒரு தவுக்கே (சீன முதலாளி) என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு பொம்பா வண்டி வந்திருக்கு, வெட்டப் போறேன், சாமான் ஏதாச்சும் வேணுமா?" என்றார். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் கதவுப் பிடி, மணி மாதிரி ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். 14,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) முழு வண்டியையும் பேசிவிட்டு வந்தேன்.

வீட்டில் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டு சத்தமாகவே வைக்கப்பட்டது. "ஏங்க, வேலைக்குப் போறப்பவும் லோரி, இப்பவும் லோரியா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளோடு காசிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். (போனோம். ஆனால் நான்கு வருடம் தள்ளி. அதை அவள் இன்னும் சொல்லிக்காட்டுவாள். சொல்லிக்காட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.)

எனக்கு ஏன் அந்த வண்டி வேண்டியிருந்தது என்று அன்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எதிரில், பாதையைத் தாண்டி ஸ்மோக்ஹவுஸ் இருந்தது. ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, மிஷினில் தகடாக உருட்டி, அந்த ஷீட்டுகளைக் கொட்டகைக்குள் கழிகளில் தொங்கவிட்டுக் கீழே ரப்பர் விறகைப் புகைய விடுவார்கள். நான்கைந்து நாள் இரவும் பகலும் புகை. உள்ளே ஐம்பது அறுபது டிகிரி சூடு இருக்கும். புகை வேண்டும், ஆனால் தீ நாக்கு எழும்பக் கூடாது. இரவு முழுக்க ஒருவர் கண்விழித்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஷீட் கழியிலிருந்து நழுவி அடுப்பில் விழுந்தால் போதும். ரப்பர் எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அது நடந்தது. நள்ளிரவு. அம்மா எங்களை இழுத்து வெளியே விட்டுவிட்டு, தகரப் பெட்டியையும் அரிசிச் சாக்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வானம் முழுக்க கறுப்புப் புகை. உள்ளே ஆரஞ்சு நிறம். ஆண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரை லயத்துக் கூரைமேல் வீசினார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து பட்டணத்துக்குச் சொல்லி, மண்பாதையில் பொம்பா வண்டி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஸ்மோக்ஹவுஸ் போய்விட்டது. அந்த மாதச் சரக்கு முழுக்கப் போய்விட்டது. அப்போதெல்லாம் இந்த நாட்டில் பொம்பா மத்திய அரசின் ஒரே துறையாக ஆகியிருக்கவில்லை. அது 1976 ஜனவரி 1-ல்தான் நடந்தது. தோட்டத்துக்குள் வரும் வண்டி எங்கிருந்து வரும், எப்போது வரும் என்பதெல்லாம் அதிர்ஷ்டம்தான்.

வந்தவர்கள் எரிகிற கொட்டகையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குளத்துக்குப் போய் ஒரு தடித்த கறுப்புக் குழாயை அதற்குள் இறக்கினார்கள். இன்னொரு குழாயை எங்கள் லயத்துப் பக்கம் தரையில் உருட்டி விட்டார்கள். அது துணிக்குழாய். தட்டையாக, நனைந்த வேட்டி மாதிரி என் காலடியில் கிடந்தது. எங்கேயோ ஒரு எஞ்சின் சத்தம் ஏறியது. அந்தத் தட்டைத் துணி குளத்துப் பக்கமிருந்து உருண்டு உருண்டு பருத்து, உயிர் வந்த மாதிரி நெளிந்து, என்னைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம்தான் முனையிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. லயத்துச் சுவரில் பட்டுத் தெறித்து எங்கள்மேல் எல்லாம் விழுந்தது. லயம் பிழைத்தது.

என் வண்டி அதே வண்டி என்று கதை கட்ட மாட்டேன். இது தொழிற்சாலை வண்டி, அந்த இரவுக்கு இது வரவில்லை. ஆனால் தவுக்கேயின் கிடங்கில் இதன் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு துணிக்குழாய் சுருட்டி வைத்திருந்தது. பூசணம் பிடித்த ஈரத்துணி வாடை. நான் அப்படியே எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

வண்டியை முதல் நாள் இழுத்துக்கொண்டு வந்தபோது அது உருள்வதே பெரிது. பிரேக் நான்கும் பிடித்துக்கொண்டிருந்தது. வீல் சிலிண்டர்கள் உள்ளே துருவேறி அடைத்துப்போயிருந்தன. டயர் வெடிப்பு விட்டிருந்தது. வயரை எலி தின்றிருந்தது. இதெல்லாம் எனக்குப் பழகிய வேலை. எட்டு மாதத்தில் முடித்தேன். நடுவில் 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கொட்டகைக்கே போக முடியாமல் ஆனது. கார்புரேட்டர் மட்டும் வீட்டில் இருந்தது. அதைச் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். அந்த மாதங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்தக் கார்புரேட்டர் ஒரு காரணம்.

எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கிற பலருக்கு இது தெரிவதில்லை. என்னுடையது ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் பெட்ரோல். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூடும் இடத்தில் அந்த ஈயம் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு தேயாமல் காக்கும். இன்று நாம் போடும் பெட்ரோலில் ஈயம் இல்லை. உடம்புக்கு அது நல்லதுதான், ஆனால் அந்த எஞ்சினுக்குக் காவல் போய்விட்டது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இருக்கையைத் தின்று உள்ளே இறங்கும். ஒரு நாள் அழுத்தமே இருக்காது. நான் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடினப்படுத்திய இருக்கை வளையங்கள் அடித்து வாங்கினேன். முதலில் கொடுத்த பட்டறையில் வளையத்தைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டார்கள். ஒன்று கழன்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து. ஆறு வாரமும் இரண்டாயிரம் வெள்ளியும் போனது. அதைப் பேசி இனி ஆவதொன்றுமில்லை.

பம்புக்கு வருகிறேன்.

வண்டியில் இருக்கும் பம்பு காடைவா. கவெண்ட்ரி கிளைமாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பம்பு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கேட்டபோது, இந்தக் கம்பெனி அலுமினியத்தில் இறகு போல எடை குறைந்த ஓர் எஞ்சினைச் செய்தது. அதை வளர்த்தெடுத்துப் பந்தயக் கார்களில் பொருத்தினார்கள். பிறகு அதே கம்பெனியின் வேறோர் எஞ்சின் பூட்டிய கூப்பர் காரில்தான் ஜாக் பிராபம் 1959-லும் 1960-லும் உலக சாம்பியன் ஆனார். நெருப்பை அணைக்க உட்கார்ந்தவர்கள் பந்தயத்தில் போய் நின்றார்கள். கொட்டகைக்கு வரும் இளம்பையன்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நிமிடத்துக்கு 500 கேலன் தள்ளக்கூடிய பம்பு அது. தொட்டியோ 400 கேலன். முழு வேகத்தில் அடித்தால் தொட்டித் தண்ணீர் 48 நொடிகூடத் தாண்டாது. எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள் நெருப்பைப் பார்க்காமல் குளத்தைத் தேடி ஓடியதன் அர்த்தம் எனக்கு ஐம்பது வருடம் கழித்து, இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது. தண்ணீர் கிடைக்கும் இடத்தைப் பிடிக்காமல் நெருப்பிடம் போனால் ஒரு நிமிடத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

குளத்திலிருந்து தண்ணீர் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாதிரிப் பம்பு காற்றை இழுக்காது. அதன் விசிறி தண்ணீரைத்தான் சுழற்றித் தள்ளும். குழாயில் காற்று இருக்கும்வரை அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் ப்ரைமர் என்ற சின்னத் துணைப் பம்பு உறிஞ்சு குழாயில் இருக்கும் காற்றை வெளியே எடுக்கிறது. உள்ளே வெற்றிடம் ஆனதும், வெளிக்காற்று குளத்தின் மேற்பரப்பை அழுத்தி அந்தத் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. தண்ணீரை மேலே கொண்டுவருவது காற்றின் எடைதான். அதனால்தான் அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் பத்து மீட்டருக்குமேல் இழுக்க முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டர் வந்தாலே பெரிய காரியம்.

எல்லாம் பிரித்து, கழுவி, புது பேரிங் போட்டு மாட்டிய பிறகும் என் பம்பு வெற்றிடத்தைப் பிடித்து வைக்கவில்லை. உறிஞ்சு வாயை மூடி, ப்ரைமரை ஓட்டினால் வேக்குவம் மீட்டர் முள் இறங்கும். நிறுத்தினால் பத்து நொடியில் திரும்ப சைபருக்கு வந்துவிடும். எங்கேயோ ஒரு ஊசி முனை அளவு ஓட்டை. மூன்று மாதம் தேடினேன். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டினேன். மெழுகுவர்த்தி கொளுத்திச் சுடர் எங்கே சாய்கிறது என்று பார்த்தேன். பெட்ரோல் வண்டிப் பக்கத்தில் அது செய்யக்கூடாத வேலை, யாரும் செய்யாதீர்கள். ராத்திரி தூக்கத்திலும் அந்த முள் சைபருக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். "குக்கர்ல விசில் வரலன்னா மொதல்ல கேஸ்கட்டப் பாப்போம். அதுவும் நல்லா இருந்தா சோப்பு நொரய தடவிப் பாப்போம், எங்க முட்ட விடுதுன்னு" என்றாள். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், ஒரு நாளும் ஊதிப் பார்க்கவில்லை. கம்ப்ரஸரை வைத்துப் பம்புக்குள் லேசாகக் காற்றை ஏற்றினேன். அவள் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டு வந்தாள். பம்பின் அடியில், தண்ணீரை வடிக்கும் சின்னக் குழாய்த் திருகில், மிளகு அளவுக்கு ஒரு சோப்பு முட்டை வந்தது. உடைந்தது. திரும்ப வந்தது. "இந்தா இருக்கு பாருங்க" என்றாள்.

இருபது காசு பெறாத ஒரு ரப்பர் வாஷர். மாற்றினேன். முள் இறங்கியது, நின்றது. ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து "நம்ம வண்டி" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு மாலை போடுவதும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதும் அவள் பொறுப்பு. பம்புக்குத் தனியாக ஒரு பொட்டு வைக்கிறாள்.

சாலையில் ஓட்டுவது தனி சுகம், ஆனால் பொறுமை வேண்டும். முதல் கியருக்கு, பற்களை உரசாமல் சேர்த்துவிடும் சிங்க்ரோ கிடையாது. மற்ற கியருக்கும் நான் இரண்டு தடவை கிளட்ச் மிதித்தே மாற்றுகிறேன், பழைய பற்களுக்கு அது மரியாதை. எஞ்சின் நம் முதுகுப்பக்கமே இருப்பதால் அரைமணி நேரத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்க்கும். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். தொட்டியை நிரப்பினால் முழுசாக நிரப்ப வேண்டும், இல்லையென்றால் காலியாக வைக்க வேண்டும். பாதித் தொட்டியோடு வளைவில் திரும்பினால், உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி வண்டியை இழுக்கும். முழுத் தொட்டி கிட்டத்தட்ட 1.8 டன். அந்த எடையை மறந்து பிரேக் மிதிக்கக் கூடாது.

சைரன் வயரை நானே துண்டித்துவிட்டேன். கூரைமேல் இருக்கும் சுழல் விளக்குக்குக் கேன்வாஸ் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். சாலையில் சைரன் கேட்டால் மக்கள் ஒதுங்க வேண்டும், அந்த நம்பிக்கையில் விளையாட எனக்கு உரிமை இல்லை. மணி மட்டும் இருக்கிறது. பித்தளை மணி, கயிறு கட்டியது. அதையும் கொட்டகையில்தான் அடிப்போம்.

ஜார்ஜ்டவுனுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில். படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் இளவயதில் லோரிகளை அப்படித்தான் கொண்டு போயிருக்கிறேன். இப்போது பினாங்குப் படகில் ஆட்களும் மோட்டார்சைக்கிளும்தான். அதனால் 1985-ல் திறந்த பாலத்தில், இடது ஓரமாக, ஐம்பதைத் தாண்டாமல் போனேன். கடல்காற்று கதவு இடுக்கில் விசில் அடித்தது. லெபோ பந்தாயில் இருக்கும் பழைய தீயணைப்பு நிலையத்துக்கு எதிரில் நிறுத்தி, இறங்கி, அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். பழைய பொம்பா நிலையங்களில் கோபுரம் வைத்ததற்கு ஒரு காரணம் துணிக்குழாய்கள். நனைந்த குழாயை அப்படியே சுருட்டி வைத்தால் மக்கிவிடும். உயரத்திலிருந்து நீளமாகத் தொங்கவிட்டுக் காயப்போட வேண்டும். என் கொட்டகையில் கோபுரம் இல்லை. பக்கத்து மாமரத்தில் கப்பி கட்டி ஏற்றுகிறேன்.

அந்த ஓய்வுபெற்ற வீரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர், எண்பதைத் தொட்டவர். அவருடைய மருமகன் என் வண்டியை எங்கேயோ பார்த்துவிட்டு அழைத்து வந்தார். நாங்கள் அவரை பாக்சிக், மலாயில் மாமா, என்றுதான் கூப்பிடுகிறோம். வந்தவர் வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்ப் பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். "இது தண்ணீர் அடிக்குமா?" என்று மலாயில் கேட்டார். 1988 ஜூலை 31-ம் தேதி பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்களே, அன்று அவர் அங்கே வேலையில் இருந்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். கூட்டத்துக்கு நடுவில் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். நானும் மேலே கேட்கவில்லை.

பம்பை எப்படிக் காதால் நடத்துவது என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மெக்கானிக், பம்பு ஓட்டியவன் இல்லை. ஒரு நாள் குளத்தில் வைத்து ஓட்டும்போது உள்ளே கூழாங்கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பேரிங் போய்விட்டது என்று நான் பதறினேன். பாக்சிக் தூரத்தில் உட்கார்ந்தபடியே கையை இறக்கு இறக்கு என்று காட்டினார். த்ராட்டிலைக் குறைத்ததும் சத்தம் நின்றது. உறிஞ்சு குழாய் கொடுக்கிறதைவிட அதிகமாகப் பம்பு கேட்டால், உள்ளே தண்ணீரே ஆவிக்குமிழாகி, அந்தக் குமிழ்கள் நசுங்கும் சத்தம் அது. அப்படியே விட்டால் விசிறித் தகட்டைக் குழி குழியாகத் தின்றுவிடும். இன்னொன்றும் சொன்னார். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடைக்காது, அதனால் பம்பிலிருந்து ஒரு கிளைக்குழாய் போய் எஞ்சினைக் குளிர வைக்கிறது, அந்தத் திருகைத் திறக்க மறக்காதே என்றார். நான் அதுவரை அந்தக் குழாயை ஏதோ உதிரி என்று நினைத்து மூடியே வைத்திருந்தேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்கள். முடியாது என்றேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் 57 வயது பிரேக்கை நான் நம்ப மாட்டேன், அது என் கையால் செய்த பிரேக்காக இருந்தாலும். கல்யாணப் படமெடுக்கவும் கேட்கிறார்கள். கொட்டகைக்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம், ஆனால் கூரைமேல் ஏறாதீர்கள் என்பேன்.

தமிழ்ப்பள்ளி கேட்டால் மட்டும் உடனே சரி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மெல்லிய அழுத்தத்தில் குழாய் முனையை இருவர் இருவராகப் பிடிக்க வைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டராக விரியும் என்று சொல்லி, அப்படி ஆவியாகும்போது அது நெருப்பின் சூட்டை எப்படித் தின்கிறது என்று காட்டுவேன். அதே கணக்கை வைத்தே இன்னொன்றையும் சொல்வேன். அம்மா பலகாரம் சுடும் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, சட்டென்று ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரைக்கும் தூக்கி எறியும். அடுப்பை அணை, மூடியைப் போடு, தொடாதே. 999-ஐக் கூப்பிட்டு முதலில் இடத்தைச் சொல். தண்ணீர் வண்டிக்காரனே தண்ணீர் ஊற்றாதே என்று சொல்வதால் பிள்ளைகள் அதை மறப்பதில்லை. தீபாவளிக்குப் பிறகு ஒரு பையன் தன் பாட்டியைத் தடுத்து நிறுத்தியதாக அவனுடைய ஆசிரியை சொன்னபோது, அந்த வருடம் போட்ட டயர் காசெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நிபோங் திபால் பக்கம் நண்பரின் செம்பனைத் தோட்டத்துக் குளத்துக்குப் போகிறோம். எடுத்த தண்ணீர் அந்தக் குளத்துக்கே திரும்ப விழுகிற மாதிரி அடிப்போம். போன பிப்ரவரியில், மழையில்லாத அந்த வாரங்களில், குளம் நன்றாக இறங்கியிருந்தது. உறிஞ்சு குழாயில் மூன்று துண்டு இணைக்க வேண்டியிருந்தது. ப்ரைமரை ஓட்டினேன். முள் இறங்கியது. குழாய் ஒரு சிலுப்பு சிலுப்பியது. பாக்சிக் நாற்காலியில் இருந்தபடி "ஆயர் சுடா மாசோக்" என்றார், தண்ணீர் வந்துவிட்டது என்று. டெலிவரித் திருகை மெல்லத் திறந்தேன். தரையில் கிடந்த குழாய் என் பேத்தியின் காலடியில் உருண்டு பருத்துக்கொண்டு போனது. அவள் துள்ளி நகர்ந்து, பிறகு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பால்வெட்டிப் பழகிய கை, விரல்கள் மடங்கியே இருந்தன. "எங்கய்யா நெருப்பு?" என்றார்.

"நெருப்பு இல்ல பாட்டி. சும்மா ஓட்டிப் பாக்குறோம்."

"நெருப்பு இல்லாமலேயா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, செம்பனை நிழலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் உயர்ந்து வளைந்து குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து என்னிடம் வந்து, வேலியோரம் வாடிக்கிடந்த தன் வெண்டைச் செடிகளையும் ஒரு முருங்கையையும் காட்டினார். இரண்டு வாரமாக வாளியில் தூக்கி ஊற்றுகிறாராம்.

நான் த்ராட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கினேன். முனையைச் சாரலாகத் திருப்பி, என் மனைவி குழாயின் நடுவைப் பிடித்துக்கொள்ள, நானும் பேத்தியும் வேலியோரமாக நடந்தோம். பாட்டி முன்னால் போய், "இங்க, இந்த வேருல, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.